வெளியே போக ஒரு வழி

பிப்ரவரி 3

தம்பிக்கு,

அக்கா எழுதுறேன். போன் இருக்கும்போது எதுக்குக் கடுதாசின்னு முகத்தைச் சுளிப்பே. சுளிச்சுக்கோ. போன்ல நான் ஒரு வாக்கியத்தை முடிக்கிறதுக்குள்ள நீ மூணு தடவை "அதில்லக்கா, அதில்லக்கா"ங்கறே. போன வாரம் அப்படித்தான் ஆச்சு. பட்டுனு வெச்சுட்டு உன் நம்பரையும் தடுத்துட்டேன். கடுதாசியில குறுக்கே பேச முடியாது பாரு, கடைசிவரைக்கும் படிச்சுத்தான் ஆகணும்.

உங்க ஆபீஸ்ல இருந்து எங்க சங்கத்துக்குப் பதில் வந்துடுச்சு. கூட்டத்துக்கு அனுமதி இல்லைன்னு சொல்லியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். குடுத்துட்டீங்க. அதுதான் வயித்தெரிச்சல். நாங்க கேட்டது கம்பெனி வாசலுக்கு எதிர்ல, பஸ் ஸ்டாப் பக்கத்துல இருக்கிற காலி இடம். நீங்க குடுத்தது ஊரைத் தாண்டி, குப்பைக் கிடங்கையும் தாண்டி, பொருட்காட்சி மைதானம். அங்கே நாங்க கத்தினா காக்கா கேக்கும். காக்காகிட்டயா சாவி இருக்கு?

எதுக்காகக் கூடுறோம்னு உனக்குத் தெரியும். தெரியாத மாதிரி எழுதியிருக்கே, அதனால திரும்பச் சொல்றேன். எங்க தையல் கம்பெனி மாடியில இருந்து இறங்க ரெண்டு படி. முன்படி வாசலுக்கு வரும். பின்படி சந்துக்கு இறங்கும், ஆனா அடியில இருக்கிற கதவுல எப்பவும் சங்கிலி. திறந்து வெச்சா துணி திருட்டுப் போயிடுமாம். போன மாசம் அயர்னிங் பக்கம் வயர் கருகி ஹால் முழுக்கப் புகை. பாதிப் பேர் பின்படியில ஓடினோம். கீழே பூட்டு. மேலேயிருந்து ஆள் வந்துட்டே இருக்காங்க, கீழே நிக்கிறவங்களுக்குத் திரும்ப இடமில்ல. நான் கதவோட கதவா ஒட்டிக்கிட்டு நின்னேன். நம்ம காலருக்குத் தோள்பட்டை விலகிப்போச்சு. (அவ காலர் தைக்கிறவ. பேரே அதுவாகிடுச்சு. சங்கச் செயலாளரும் அவதான்.) தீ பிடிக்காம புகையோட போச்சு, அதனால உக்காந்து உனக்குக் கடுதாசி எழுதுறேன். கதவு இப்பவும் பூட்டித்தான் இருக்கு. சாவி மேனேஜர் மேஜைக்குள்ள. மேனேஜர் மதியத்துக்கு மேல இருக்கிறதே இல்ல.

நாங்க கூலி கேக்கல, லீவு கேக்கல. ஒரு கதவைத் திறந்து வைங்கப்பான்னு கேக்குறோம்.

அதுக்கு உங்க நிபந்தனை ஒரு முழம். ஒலிபெருக்கி கூடாது. பந்தல் கூடாது. பதாகைக்குக் கம்பு கூடாது. ரெண்டு மணியில இருந்து நாலு மணி வரைக்கும்தான். "எனினும்", "ஆகையால்", "மேற்கண்டவாறு" எல்லாத்தையும் ஒரே வாக்கியத்துல அடைச்சுப் படிக்கிறவங்களுக்கு மூச்சு முட்ட வைக்கிற ஆள் நம்ம குடும்பத்துல ஒருத்தன்தான். கையெழுத்து ஆபீசரோடது, வாக்கியம் உன்னுது. கூட்டம் கூடுறது மனுஷனோட உரிமைன்னு காலேஜ் படிக்கும்போது சோத்துத் தட்டைத் தள்ளி வெச்சுட்டுப் பேசுவியே, அந்தப் பையன் எங்கேடா போனான்? சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கமாட்டான்னு சொல்லுவாங்க. எனக்கு வாய்ச்ச பூசாரி என் கூடப்பிறந்தவன்.

அம்மாவுக்கு முழங்கால் தேவலை. உன்னை விசாரிச்சதா எழுதச் சொன்னாங்க. நான் விசாரிக்கல.

அக்கா

*

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கடைசிவரை படித்தேன். மூன்று இடத்தில் "அதில்லக்கா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள். நாங்கள் யாரையும் தடுப்பதில்லை. கூடுவது உங்கள் உரிமை. அதை நான் அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். எங்கே, எப்போது, எவ்வளவு நேரம் என்பது மட்டும் நிர்வாகம். கம்பெனி வாசலில் நீங்கள் உட்கார்ந்தால் பஸ் நிற்காது. பஸ் நிற்காவிட்டால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் பெற்றோர் என் மேஜைக்கு வருவார்கள். அவர்களுக்கும் உரிமை இருக்கிறது. ஆளாளுக்கு உரிமையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பது என் ஒருவன் மேஜையில்தான்.

நிபந்தனைகளை நான் ராத்திரியும் பகலும் யோசித்து எழுதினேன் என்று நினைக்காதே. எனக்கு முன்னால் இருந்தவர் எழுதினார், அவருக்கு முன்னால் இருந்தவரைப் பார்த்து. ஊரையும் தேதியையும் மாற்றுவோம், அவ்வளவுதான். நானாகச் சேர்த்தது ஒன்றே ஒன்று, ஒன்பதாவது. மைதானத்தைச் சுற்றி இரும்புத் தடுப்பு வைத்து, உள்ளே வரவும் வெளியே போகவும் ஒரே ஒரு வழி. போன வருடம் ஒரு கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதில் போலீஸ் ஒன்று சொல்ல, சங்கம் ஒன்று சொல்ல, பத்திரிகை வேறொன்று சொல்ல, எங்கள் உயிரை வாங்கிவிட்டார்கள். ஒரே வழி என்றால் எண்ணிவிடலாம். எங்கள் தலைமை எழுத்தர் யாரையும் பாராட்ட மாட்டார். எதைக் கொடுத்தாலும் முத்திரை குத்துவதோடு சரி, அதனால் அவருக்கு நாங்கள் வைத்த பெயரே முத்திரை. அவர்கூட "பரவாயில்லையே" என்றார்.

இப்போது முக்கியமான விஷயம். நாலு மணி என்றால் நாலு மணி. அதற்கு மேல் உள்ளே இருந்தால் நிபந்தனை மீறல். மீறினால் உங்கள் சங்கத்துக்கு ஒரு வருடம் எங்கேயும் கூட அனுமதி கிடையாது. ஒரு வருடம் அக்கா. அதற்கப்புறம் அந்தக் கதவைப் பற்றி நீங்கள் வீட்டுச் சுவரிடம்தான் பேச வேண்டியிருக்கும்.

இன்னொன்று. தலைக்கு மேலே கேமரா பறக்கும். எல்லோர் முகமும் பதிவாகும். தயவுசெய்து முன்வரிசையில் நிற்காதே. நீ என் அக்கா என்று இங்கே யாருக்கும் தெரியாது.

அம்மாவுக்கு என் வணக்கம். மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல்.

தம்பி

*

பிப்ரவரி 14

தம்பிக்கு,

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பத்தி எழுதியிருக்கே. அந்தப் பிள்ளைகள்ல பாதி எங்களுதுடா.

சரி, போறோம். நாளைக்கழிச்சு. வேன் பேசியாச்சு. லீவு போட்டா சம்பளம் பிடிப்பாங்க, பரவாயில்லைன்னு எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. சங்கத்து வாட்ஸ்அப் குரூப்ல மேனேஜரோட ஆள் ஒருத்தி இருக்கான்னு சந்தேகம், அதனால வாய்வழியாவே ஒவ்வொரு மெஷின் லைனுக்கும் சேதி போச்சு. கேமராவுக்குப் பயந்து நாலஞ்சு பேர் முகத்துல துணி கட்டிட்டு வரட்டுமான்னு கேட்டாங்க. முகத்தை மூடக் கூடாதுன்னு ஆறாவது நிபந்தனைன்னு காலர் படிச்சுக் காட்டினா. எல்லாத்தையும் யோசிச்சு வெச்சிருக்கீங்க, நல்லா இருங்க.

நான் முன்வரிசையிலதான் நிப்பேன். புகையில கதவோட ஒட்டி நின்னவ பின்வரிசையில போய் என்னத்தை நிக்கிறது?

நாலு மணின்னு பெரிசா பயமுறுத்துறே. மணியடிச்சா உக்காரவும் மணியடிச்சா எந்திரிக்கவும் எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அதை மட்டும்தான் கம்பெனி ஒழுங்கா சொல்லிக் குடுத்திருக்கு.

அக்கா

*

பிப்ரவரி 22

அக்கா,

என்னதான் நினைத்துக்கொண்டிருக்கிறாய் உன் மனதில்?

ஐந்தாறு நாளாக அலுவலகத்தில் தலைநிமிர்ந்து உட்கார முடியவில்லை. பத்திரிகையில் முதல் பக்கத்தில் படம். இருநூறு பெண்கள் வரிசையாக, இரண்டு கையையும் பக்கவாட்டில் தூக்கிக்கொண்டு. முதல் ஆளாக நீ. கீழே கொட்டை எழுத்தில் "கைகளை உயர்த்திப் பெண்கள் நூதனப் போராட்டம்". கேமராவில் எடுத்த வீடியோ ஊரெல்லாம் சுற்றுகிறது. என் மேஜையைக் கடந்து போகிறவன் எல்லாம் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போகிறான். உன் மூக்கும் என் மூக்கும் ஒன்று. முத்திரை படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார். "உங்க வீட்டு ஆளா?" என்றார். அக்கா என்றேன். "அப்போ அறிக்கையை நீங்களே எழுதுங்க" என்றார்.

நாலு மணிக்குக் கலையச் சொல்லி இன்ஸ்பெக்டர் சொல்லியிருக்கிறார். கலைவதற்குப் பதிலாக நீங்கள் அந்த ஒரு வழியில் வரிசை கட்டி, கையைத் தூக்கிக்கொண்டு, ஒருத்தர் பின்னால் ஒருத்தர் ஆமை வேகத்தில் நகர்ந்திருக்கிறீர்கள். அங்கே இருந்ததோ இரண்டே இரண்டு பெண் போலீஸ். கடைசி ஆள் வெளியே வரும்போது இருட்டத் தொடங்கிவிட்டதாம். "கலைய மறுத்து வேண்டுமென்றே காலதாமதம்" என்று போலீஸ் எழுதிக் கொடுத்துவிட்டது.

நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன், நாலு மணி, நாலு மணி என்று. செவிடன் காதில் ஊதின சங்கு. யார் யோசனை இந்த நாடகம்? காலரா? படம் எடுப்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது, கைதட்டுகிறார்கள். கைதட்டுகிறவன் வந்து உன் கதவைத் திறப்பானா? ஒரு வருடத் தடைக்கு நானே என் கையால் அறிக்கை எழுத வேண்டும். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகிவிட்டது.

இப்போதாவது சொல். எதற்காக அப்படிச் செய்தீர்கள்? அறிக்கையில் எழுத ஒரு காரணமாவது கொடு.

தம்பி

*

பிப்ரவரி 26

டேய்,

நாடகமா? இன்னொரு தடவை அந்த வார்த்தையை எழுதினே, தம்பின்னு பார்க்கமாட்டேன்.

நூதனமாம் நூதனம். பதினோரு வருஷமா தினம் சாயங்காலம் நான் பண்றதுடா அது.

வேலை முடிஞ்சு மணி அடிச்சதும் முன்படியில இறங்குவோம். வாசல்ல ஒரே ஒரு சின்னக் கதவு. அங்கே காக்கிப் புடவை கட்டின ஒரு அம்மா நிப்பாங்க. நாம வரிசையில போய்க் கையைத் தூக்கணும். அக்குள், இடுப்பு, முதுகு, பையி எல்லாம் தடவிப் பார்ப்பாங்க, ஒரு முழம் நூல், ஒரு பட்டன் இருக்கான்னு. இருக்காது. இருந்ததே இல்ல. அப்புறம் தோள்ல ஒரு தட்டு தட்டுவாங்க. அந்தத் தட்டு விழுந்தாத்தான் நாம வெளியே போகலாம். செக்கிங்னு பேரு. உனக்கு இதெல்லாம் தெரியாது. நான் சொன்னதில்ல. சொல்ற மாதிரி ஒரு விஷயமா அது? மூச்சு விடுறதை யாராவது சொல்லிட்டிருப்பாங்களா?

அன்னிக்கு நாலு மணிக்குக் கலைஞ்சு போங்கன்னு இன்ஸ்பெக்டர் சொன்னாரு. சரிங்கன்னு எந்திரிச்சோம். ஒருத்தி முரண்டு பிடிக்கல. சுத்திவர இரும்புத் தடுப்பு. ஒரே வழி. அந்த வழியில காக்கி போட்ட ரெண்டு பொம்பளைங்க. முன்னாடி போனது நான். அங்கே போனதும் என் கால் நின்னுடுச்சு, கை மேலே போயிடுச்சு. நான் யோசிக்கவே இல்ல, சத்தியமா. அந்தப் பொண்ணு சின்னப் பொண்ணு, புதுசு போல. ஒருத்தி வந்து கையைத் தூக்கிட்டு நின்னா அவ என்ன பண்ணுவா? தடவிப் பார்த்தா. நான் தோள்ல தட்டு விழுற வரைக்கும் நின்னேன். அவளுக்குத் தட்டணும்னு தெரியல. நான் நகரல. "போங்கம்மா"ன்னு முதுகுல கை வெச்சா, அப்பத்தான் நகர்ந்தேன். எனக்குப் பின்னாடி அத்தனை பேரும் அப்படியே வந்தாங்க. யாரும் யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசிக்கல.

வேன்ல வரும்போதுகூட யாருக்கும் தோணல, நேரமாயிடுச்சேன்னுதான் கவலை. மறுநாள் பேப்பர்ல படத்தைப் பார்த்த பிறகுதான் காலர் கேட்டா, "ஏன்டி நாம கையைத் தூக்கினோம்?"னு. நான் பாத்ரூமுக்குப் போய் அழுதுட்டு வந்தேன். அவமானமா இருந்துச்சுடா. போராட வந்த இடத்துலயும் என் உடம்பு கம்பெனி பேச்சைத்தான் கேக்குது.

அறிக்கைக்குக் காரணம் கேட்டியே. எழுதிக்கோ. வழி இல்லாத கட்டடத்துல இருந்து வழி குடுங்கன்னு கேக்க வந்தவங்களை, நாலு பக்கமும் வேலி கட்டி ஒரே வழி விட்டு அடைச்சது யாரு? ஒன்பதாவது நிபந்தனை. நீ. அங்கேயும் புகை வந்திருந்தா நாங்க எங்கேடா ஓடியிருப்போம்? தலையை எண்ணுறதுக்கு ஒரு வழி வெச்சியே, அந்தத் தலை தப்பிக்கிறதுக்கு எத்தனை வழி வேணும்னு யோசிச்சியா? பரவாயில்லையேன்னு பாராட்டினாராம் ஒருத்தர்.

மேனேஜர் அந்தப் படத்தை வெட்டி நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருக்கான். "நம்ம ஆளுங்க எவ்வளவு ஒழுக்கம் பாருங்க"ன்னு வர்றவங்க போறவங்ககிட்டச் சொல்லிச் சிரிக்கிறான். பின்கதவுக்கு இப்போ ரெண்டாவது பூட்டும் போட்டாச்சு.

இதுக்கு மேல எழுத எனக்குத் தெம்பு இல்ல.

அக்கா

*

மார்ச் 6

அக்கா,

உன் கடிதத்தை நான் முதலில் நம்பவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். இருநூறு பேர் சொல்லிவைக்காமல் ஒரே மாதிரி கையைத் தூக்குவார்களா, அக்கா சமாளிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். அறிக்கை எழுதுவதற்கு முன் பார்த்துவிடலாம் என்று செவ்வாய்க்கிழமை அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு அங்கே வந்தேன். வீட்டுக்கு வரவில்லை. வந்தால் நீ கதவைச் சாத்துவாய் என்று பயம். பஸ் ஸ்டாப்பில் நின்றேன்.

மணி அடித்தது. நீங்கள் வந்தீர்கள். நீயும் காலரும் (தோளில் கட்டுப் போட்டிருந்தவர் அவர்தானே) ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டே வந்தீர்கள். உன் முறை வந்தது. நீ கையைத் தூக்கினாய். அந்த அம்மா உன்னைத் தடவிப் பார்த்தார். தோளில் தட்டினார். நீ கையை இறக்கினாய். இதில் எந்த இடத்திலும் நீ காலரிடம் பேசிக்கொண்டிருந்த பேச்சு நிற்கவே இல்லை. காலரால் ஒரு கையைத்தான் தூக்க முடிந்தது. இன்னொரு கையையும் தூக்கப் பார்த்தார், வலியில் முகம் கோணியது. என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன், அது எந்த ஊர் பஸ் என்றுகூடப் பார்க்கவில்லை. எங்கேயோ போய் இறங்கி மறுபடியும் திரும்பி வந்தேன். முட்டாள்.

அறிக்கை எழுதினேன். உனக்குப் பிடிக்காத நடையில்தான். "கூட்டத்தினர் உரிய நேரத்தில் வெளியேற முற்பட்டனர் எனினும், இவ்வலுவலகம் விதித்த ஒன்பதாவது நிபந்தனையின்படி ஒரே வழி மட்டும் இருந்தமையாலும், அவ்வழியில் சோதனை நடைபெற்றமையாலும் ஏற்பட்ட காலதாமதத்துக்கு மேற்படி நிபந்தனையே காரணம், ஆகையால் இது மீறல் ஆகாது." முத்திரை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "உண்மைதான்யா. ஆனா உண்மையைக் கோப்புலயா எழுதுவாங்க?" என்றார்.

மேலே போனது. இதை வழக்காக்கினால் கோர்ட்டில் முதல் கேள்வி எங்களுக்குத்தான் வரும் என்று ஆபீசருக்குப் புரிந்துவிட்டது. "மேல்நடவடிக்கை தேவையில்லை" என்று மூடிவிட்டார். உங்களுக்குத் தடை இல்லை. அந்தச் சந்தோஷத்தோடு நீ நிறுத்திக்கொள்ளக் கூடாதா? அதற்குள் மறுபடியும் விண்ணப்பம்! தபாலைப் பிரித்தபோது எனக்குத் தலை சுற்றியது. மூச்சு விட நேரம் கொடுக்க மாட்டீர்களா?

எனக்கு மாற்றல் வந்துவிட்டது. இதே கட்டடம், கீழ்த்தளம், பிறப்பு இறப்புப் பதிவு. ஜன்னல் இல்லாத அறை. பதவி உயர்வு இனி அடுத்த ஜென்மத்தில்தான். உங்கள் விண்ணப்பம்தான் என் மேஜையின் கடைசிக் கோப்பு. பொருட்காட்சி மைதானத்தில் இப்போது நிஜமாகவே பொருட்காட்சி நடக்கிறதாம், காலி இல்லை. ஊருக்குள் அரசு இடம் வேறு எது என்று தேடினால் பஸ் ஸ்டாப் பக்கத்துக் காலி இடம் ஒன்றுதான் மிச்சம். அதையே எழுதினேன். ஒன்பதாவதை மாற்றி எழுதினேன். ஆபீசர் கையெழுத்துப் போட்டார். படிக்காமல் கையெழுத்துப் போடுவது ஒன்றுதான் எங்கள் அலுவலகத்தில் சுறுசுறுப்பாக நடக்கும் வேலை.

இந்தத் தடவையாவது கையைத் தூக்காதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

தம்பி

*

மார்ச் 11

தம்பிக்கு,

பஸ் ஸ்டாப்பில நின்னியாமே. பெத்த தாய் பத்து நிமிஷ நடையில இருக்காங்க, எட்டிப் பார்க்காம போயிருக்கே. அம்மாகிட்ட நான் சொல்லல. சொன்னா உனக்கு இல்ல, எனக்குத்தான் விழும், "நீ கோவமா இருந்ததாலதான் அவன் வரல"ன்னு. இந்த வீட்டுல எப்பவும் அப்படித்தான்.

அனுமதி கிடைச்சது. ஒன்பதாவதை நானும் காலரும் உக்காந்து படிச்சோம். எப்பவும் போல மூச்சு முட்டிச்சு. பாதியில காலர் தண்ணி குடிச்சுட்டு வந்தா. ரெண்டாம் தடவை படிச்சோம். மூணாம் தடவை படிக்கும்போது அவ என்னைப் பார்த்தா, நான் அவளைப் பார்த்தேன்.

மாற்றலுக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. உன்னைத் திட்டி எழுதத்தான் எனக்கு வரும். ஜன்னல் இல்லாத ரூம்னு எழுதியிருக்கே. கதவாவது ஒழுங்கா திறக்குதான்னு பார்த்துக்கோ.

துணி வாங்கியாச்சு. சந்தையில வாங்கின துணி, கம்பெனித் துணி இல்ல, பில் இருக்கு. ஆளுக்குக் கொஞ்சம்னு வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருக்காங்க. அவசரத் தையல் இருக்கு, பிறகு எழுதுறேன்.

அக்கா

*

மார்ச் 21

அக்கா!

துணி வாங்கியாச்சு, துணி வாங்கியாச்சு என்று எழுதினாயே, அதில் என்ன தைக்கப்போகிறாய் என்று ஒரு வார்த்தை சொன்னாயா?

பிறப்புச் சான்றிதழ் கேட்டு வந்த ஒரு அப்பா வரிசையில் நின்றபடி போன் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். என்ன என்று எட்டிப் பார்த்தேன். பஸ் ஸ்டாப்பில் இருந்து கம்பெனி வாசல் வரைக்கும் நீளமாக ஒரு துணி. கம்பு கூடாது என்பதால் இருநூறு பேர் கையால் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு கலர், ஒவ்வொரு தையல். ஒரு கோஷம் இல்லை, ஒரு சத்தம் இல்லை. துணியில் இருப்பது என் ஒன்பதாவது நிபந்தனை!

"மக்கள் கூடுமிடத்தில் எதிர்பாராத ஆபத்து நேரக்கூடும் ஆகையால், அவர்தம் உயிர்ப் பாதுகாப்பின் பொருட்டு, குறைந்தது இரண்டு வெளிவழிகள் எந்நேரமும் பூட்டப்படாமல் திறந்திருத்தல் வேண்டும்." அதற்குக் கீழே "இப்படிக்கு, அரசு". அதற்கும் கீழே உங்கள் சொந்தச் சரக்கு: "காலி இடத்துக்கே ரெண்டு வழி. எங்க மாடிக்கு?"

என் "ஆகையால்"-ஐக்கூட விடவில்லை. என் "பொருட்டு"-ஐயும் விடவில்லை.

தொழிற்கூடப் பாதுகாப்பு அதிகாரிக்கு நாலு பத்திரிகையில் இருந்து போனாம். திறந்தவெளிக்கே இரண்டு வழி வேண்டும் என்று அரசு எழுத்தில் கொடுத்திருக்கிறதே, மாடியில் இருக்கிறவர்களுக்கு வேண்டாமா என்று. அவர் எங்கள் ஆபீசரைப் பிடித்தார், ஆபீசர் முத்திரையைப் பிடித்தார், முத்திரை படியிறங்கி என் அறைக்கே வந்துவிட்டார். அவர் கீழ்த்தளத்துக்கு வந்து நான் பார்த்ததில்லை.

"என்னய்யா எழுதித் தொலைச்சீங்க?"

"ஐயா, அது அந்தக் காலி இடத்துக்கு மட்டும்தான் ஐயா."

"அதைத்தான் நானும் சொன்னேன். காலி இடத்துக்குக் கூரைகூடக் கிடையாதே, அங்கேயே ரெண்டு வழி வேணும்னா கூரை இருக்கிற இடத்துக்கு எத்தனைன்னு கேக்குறாங்க. நான் என்ன சொல்ல?"

விளக்கம் கேட்டுக் குறிப்பாணை கொடுத்துவிட்டுப் போய்விட்டார். போகும்போது வாசலில் நின்று, "வாக்கியம் நல்லாத்தான்யா இருக்கு" என்றார். இதை என்னவென்று எடுத்துக்கொள்வது?

என்னைக் கேட்டிருக்கலாம் அக்கா. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன், அது வேறு விஷயம். பதினைந்து வருடமாக நான் எழுதிய வாக்கியம் ஒன்றைக்கூட யாரும் கடைசிவரை படித்ததில்லை. இப்போது பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாம் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் படிக்கிறார்கள். எனக்குக் கோபமாகத்தான் வருகிறது. அந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்தேன் என்று மட்டும் கேட்காதே.

கலையும்போது என்ன ஆனது? வீடியோவில் அது இல்லை. யாரும் கையைத் தூக்கவில்லையே?

தம்பி

*

ஏப்ரல் 2

தம்பிக்கு,

உன் நம்பரைத் திறந்து விட்டுட்டேன். இருந்தாலும் இதை எழுதத்தான் முடியும். நீ குறுக்கே பேசுவேன்னு இல்ல, போன்ல சொன்னா நானே பாதியில வெச்சுடுவேன்.

கலையும்போது யாரும் கையைத் தூக்கல. எப்படித் தூக்குறது, ரெண்டு கையிலயும் துணி இருந்துச்சே. துணியைப் பிடிச்சுக்கிட்டே ரெண்டு பக்கமும் வெளியே போயிட்டோம். அந்தச் சின்னப் பொண்ணு போலீஸும் வந்திருந்தா. அவளே துணியோட ஒரு முனையைப் பிடிச்சு மடிக்க உதவி பண்ணினா.

கதவு திறந்தாச்சுடா. பாதுகாப்பு அதிகாரி நேர்ல வந்தாரு. மேனேஜர் சாவியைத் தேடுறேன், தேடுறேன்னு இழுத்தான். அதிகாரி சங்கிலியை வெட்டச் சொல்லிட்டாரு. வேலை நேரம் முழுக்க ரெண்டு கதவும் திறந்திருக்கணும், எந்தப் படியில வேணும்னாலும் இறங்கலாம்னு எழுதி ஒட்டியாச்சு, அந்த நோட்டீஸ் போர்டுலயே. எங்க படத்தை எடுத்துட்டாங்க.

ரொம்பப் பூரிச்சுப் போகாதே. ரெண்டாம் நாளே பின்கதவுகிட்டயும் ஒரு நாற்காலியைப் போட்டு ஒரு அம்மாவை உக்கார வெச்சுட்டாங்க, செக்கிங்குக்கு. இவனுங்களைத் திருத்த முடியாது. அதுக்கு ஒரு விண்ணப்பம் காலர் எழுதிட்டிருக்கா. உன் பழைய மேஜைக்கு வந்திருக்கிற புதுப் பையன் பாவம். ஒரு வார்த்தை சொல்லி வை, வாக்கியத்தைப் பார்த்து எழுதச் சொல்லி, நாங்க தைச்சுப்புடுவோம்.

அந்த முதல் நாளைப் பத்தித்தான் எழுத வந்தேன். சாயங்காலம் மணி அடிச்சுது. பின்கதவு ஆஆன்னு திறந்து கிடக்கு. அங்கே யாரையும் நிறுத்தணும்னு அன்னிக்கு அவனுங்களுக்குத் தோணல. எங்களுக்கும் தோணல. எதுக்காக இத்தனை நாள் கத்தினோமோ அது திறந்து கிடக்கு, அத்தனை பேரும் முன்படியில இறங்கி வாசல்ல வரிசையில நிக்கிறோம்! நானும் நிக்கிறேன்! எனக்குன்னு பாரு, என் மேலேயே அப்படி ஒரு கோவம். வரிசையை விட்டு விலகினேன். "எங்கேடி போறே?"ன்னு காலர் கத்தினா. மறுபடியும் மாடி ஏறி, ஹாலைத் தாண்டி, பின்படியில இறங்கினேன். புகையில நான் ஒட்டி நின்ன கதவுல இன்னும் கை அடையாளம் இருக்கு. அதைத் தொட்டுட்டு வெளியே வந்துட்டேன்.

சந்துல ஒரு சைக்கிள் நின்னுச்சு. எதிர் வீட்டுல ஒரு அம்மா கொடியில துணி காயப் போட்டுக்கிட்டிருந்தாங்க. அவ்வளவுதான். அந்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க. எதுக்கு அப்படிப் பார்க்குறாங்கன்னு எனக்குப் புரியல. "என்னம்மா வேணும்? யாரையாவது தேடுறியா?"ன்னு கேட்டாங்க.

அப்பத்தான் பார்த்தேன், நான் ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு நிக்கிறேன். தோள்ல தட்டு விழும்னு நிக்கிறேன்.

"ஒண்ணும் வேணாம்மா, வீட்டுக்குத்தான் போறேன்"னு சொன்னேன். சொல்லிட்டு நானே கையை இறக்கிக்கிட்டேன்.

அக்கா